போனுக்குப் பாட்டு ஏற மாட்டேங்குதா? கேபிள் முதல் ‘கொ’ எழுத்து வரை... சிக்கல் எங்கே, தீர்வு என்ன?

காலை எட்டு மணிக்கு கேளம்பாக்கம் சந்திப்பில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஓ.எம்.ஆரில் சிறுசேரி சிப்காட் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர், கோவளம் சாலையில் திரும்பும் ஷேர் ஆட்டோவில் இருப்பவர், வண்டலூர் சாலையில் கல்லூரிக்குப் போகும் மாணவர் என யாரைப் பார்த்தாலும் காதில் இயர்போன் இருக்கிறது. பெரும்பாலும் ஓடுவது ஸ்ட்ரீமிங் ஆப்தான். பாட்டின் பெயரைத் தட்டினால் போதும், பாடிவிடும்.

ஆனால் எல்லாப் பாட்டும் அங்கே கிடைப்பதில்லை. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கேளம்பாக்கத்தில் பி.ஜி.யில் தங்கி வேலைக்குப் போகும் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். பரணில் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி கிடைக்கிறது. சார்ஜ் போட்டால் ஆன் ஆகிறது. உள்ளே அப்பா கேசட்டில் இருந்து மாற்றி வைத்த பாடல்கள், ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த நாகஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு. எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கேபிளைச் செருகுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. அறைத் தோழருக்கு போன் போட்டால், “கேபிள மாத்திப் பாத்தியா மச்சி?” என்பதுதான் முதல் பதில்.

அந்தப் பதில் பாதி நேரம் சரி. மீதி நேரம் எங்கே சிக்கல் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஸ்ட்ரீமிங் இருக்கும்போது இது எதுக்கு?

ஸ்ட்ரீமிங் ஆப்பில் ‘டவுன்லோடு’ செய்த பாட்டு நம்முடையது அல்ல. அது அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும்படி பூட்டப்பட்ட கோப்பு. சந்தா முடிந்தால் பாடாது. கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. உரிமம் மாறினால் நேற்று வரை இருந்த ஆல்பம் இன்று இருக்காது.

நாமே மேகக்கணியில் ஏற்றி வைத்த பாடல்களுக்கும் முழு உத்தரவாதம் கிடையாது. கூகுள் பிளே மியூசிக், பயனர்கள் தங்கள் சொந்தப் பாடல்களில் 50,000 வரை ஏற்றிக்கொள்ள அனுமதித்தது. 2020 டிசம்பரில் சேவை நிறுத்தப்பட்டது. 2021 பிப்ரவரி 24-க்குள் யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ளாதவர்களின் தொகுப்பு அழிக்கப்பட்டது. 2019-ல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றும்போது பல ஆண்டுகளாகப் பயனர்கள் ஏற்றிய பாடல்கள் தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

பாட்டியின் தாலாட்டு எந்த ஆப்பிலும் கிடைக்கப் போவதில்லை. அதனால்தான் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் நடுவே பாட்டை நகர்த்தத் தெரிந்திருப்பது இன்றைக்கும் தேவைப்படுகிறது.

முதல்ல கேபிளைப் பாருங்க

யு.எஸ்.பி. கேபிளுக்குள் மின்சாரத்துக்குத் தனிக் கம்பி, தகவலுக்குத் தனிக் கம்பி. பவர் பேங்க், டிரிம்மர், ஹெட்செட் போன்றவற்றோடு வரும் சில மலிவான கேபிள்களில் தகவல் கம்பியே இருக்காது. போன் ‘சார்ஜ் ஆகிறது’ என்று காட்டும். கம்ப்யூட்டருக்கோ போன் ஒன்று வந்திருப்பதே தெரியாது.

பெட்டியோடு வந்த கேபிள் இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. யு.எஸ்.பி. ஹப் வழியாகச் செருகாமல், கம்ப்யூட்டரின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்க. போர்ட்டை மாற்றிப் பாருங்க. போனின் சார்ஜிங் துளையில் சேர்ந்த தூசியும் பஞ்சும் தகவல் இணைப்பைக் கெடுக்கலாம். போனை அணைத்துவிட்டு, மரக் குச்சியால் மெதுவாக எடுங்க. ஊசி வேண்டாம்.

ஆண்ட்ராய்டு: செருகினால் மட்டும் போதாது

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் மாதிரியே தெரிந்தன. அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு சேமிப்பகத்தை இரண்டு இயக்க முறைமைகள் ஒரே நேரத்தில் கையாள முடியாது. அதனால் கம்ப்யூட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும்போது போன் அதை விட்டுவிட வேண்டியிருந்தது. 2011-க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டுகள் எம்.டி.பி. என்ற முறைக்கு மாறின. இதில் கம்ப்யூட்டர் போனின் சேமிப்பகத்தை நேரடியாகத் தொடாது. ‘இந்தக் கோப்பைக் கொடு’, ‘இதை வைத்துக்கொள்’ என்று போனிடம் கேட்கும், செய்வது போன்.

அப்படியானால் போன் சம்மதிக்க வேண்டும். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேபிள் செருகியவுடன் ‘சார்ஜிங் மட்டும்’ என்பதே இயல்புநிலை. பொது இடத்தில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் சார்ஜ் போட்டால் படங்களும் கோப்புகளும் தானாகப் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: போனைத் திறந்த நிலையில் வைத்துக்கொண்டு கேபிளைச் செருகுங்க. மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பைத் தட்டி, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்வு செய்யுங்க. கம்ப்யூட்டரில் போனின் பெயர் தெரிந்து, உள்ளே காலியாக இருந்தால் பெரும்பாலும் போன் பூட்டியிருக்கும். திறந்துவிட்டு மறுபடி பாருங்க. பாடல்களை ‘மியூசிக்’ ஃபோல்டருக்குள் போடுவது நல்லது.

எம்.டி.பி.க்கு ஒரு பலவீனம் உண்டு. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒரே மூச்சில் இழுத்துப் போட்டால் திணறும், நடுவில் நின்றும் போகும். இருநூறு, முந்நூறாகப் பிரித்து அனுப்பினால் தொல்லை குறையும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். மேக்கில் எம்.டி.பி. வசதி உள்ளேயே வருவதில்லை. கூகுள் கொடுத்துவந்த ‘ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ மென்பொருளும் 2024-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. ‘ஓப்பன் எம்.டி.பி.’ என்ற இலவசத் திறந்த மூல மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸ் பயனர்கள் கேபிளே இல்லாமல் ‘குவிக் ஷேர்’ மூலமும் அனுப்பலாம்.

ஐபோன்: அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீங்க

ஐபோனின் மியூசிக் ஆப் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரின் இசை நூலகத்தோடுதான் சிங்க் ஆகும். ஏற்கெனவே ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சிங்க் ஆன போனை ஊரில் உள்ள பழைய லேப்டாப்பில் செருகினால், ‘இந்தப் போன் வேறொரு நூலகத்துடன் சிங்க் ஆகியிருக்கிறது, அழித்துவிட்டு சிங்க் செய்யட்டுமா?’ என்ற அர்த்தத்தில் ஒரு கேள்வி வரும். ‘ஓகே’ கொடுத்தால் போனில் முன்பு சிங்க் ஆன பாடல்கள் போய்விடும். லேப்டாப்பில் இருப்பவை மட்டும் ஏறும். பலர் பாட்டைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். போனில் இருப்பவற்றுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அதைத் தட்டக் கூடாது.

இரண்டாவது குழப்பம், எந்த மென்பொருளைத் திறப்பது என்பது. 2001-ல் வந்த ஐடியூன்ஸ்தான் பல ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். 2019-ல் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினாவில் அது பிரிக்கப்பட்டது. இப்போது மேக்கில் ஐபோனைச் செருகினால் ஃபைண்டரின் பக்கப் பட்டியில் தெரியும், சிங்க் அங்கேதான். விண்டோஸில் ‘ஆப்பிள் மியூசிக்’, ‘ஆப்பிள் டிவைசஸ்’ என்று தனித்தனி ஆப்கள் வந்துவிட்டன. இவற்றைப் போட்டபின் ஐடியூன்ஸைத் திறந்தால் பாடல்களைக் காணாமல் பயந்துபோவார்கள். பாட்டு எங்கும் போகவில்லை. அதைக் கவனிக்கும் வேலை ஆப்பிள் மியூசிக் ஆப்புக்கும், போனில் ஏற்றும் வேலை ஆப்பிள் டிவைசஸ் ஆப்புக்கும் மாறிவிட்டது. ஐடியூன்ஸிடம் பாட்காஸ்ட்டும் ஆடியோ புத்தகமும் மட்டுமே மிச்சம்.

மூன்றாவது, ஆப்பிள் மியூசிக் சந்தாதாரர்களுக்கு. போனின் மியூசிக் செட்டிங்கில் ‘சிங்க் லைப்ரரி’ ஆன் ஆகியிருந்தால், கேபிள் வழியாகப் பாட்டு ஏற்றும் வசதியே தெரியாது. இரண்டும் ஒன்றாக வேலை செய்யாது. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அதை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் வி.எல்.சி. ஆப்பைப் போனில் போடலாம். அதில் வைஃபை மூலம் பகிரும் வசதியை ஆன் செய்தால் ஒரு முகவரியைக் காட்டும். அதைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் அடித்து, பாட்டுக் கோப்புகளை இழுத்துப் போட்டால் போதும். மியூசிக் ஆப்பில் இருப்பது எதுவும் அழியாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஐபோனில் வி.எல்.சி.யை அன்இன்ஸ்டால் செய்தால் அதற்குள் இருக்கும் பாட்டுகளும் சேர்ந்து போய்விடும்.

காப்பி ஆயிடுச்சு, ஆனா ஆப்ல காணோம்!

ஃபைல் மேனேஜரில் பாட்டு தெரிகிறது. மியூசிக் பிளேயரில் மட்டும் இல்லை. ஆண்ட்ராய்டில் இது அடிக்கடி நடக்கும். போனில் எந்தெந்தப் பாட்டு, படம் இருக்கிறது என்று ஆண்ட்ராய்டு தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மியூசிக் ஆப்கள் பொதுவாக அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். பட்டியல் புதுப்பிக்கப்படாவிட்டால் பாட்டும் தெரியாது. போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்போதும் வரவில்லையா? அந்த ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் ‘நோமீடியா’ என்ற காலிக் கோப்பு இருக்கிறதா என்று, மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை ஆன் செய்து பாருங்க. ‘இங்கே உள்ளதைப் பட்டியலில் சேர்க்காதே’ என்பதற்கான அடையாளம் அது. அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்க.

அடுத்து ஃபார்மட். எம்.பி.3 எல்லா இடத்திலும் பாடும். விண்டோஸ் மீடியா பிளேயரில் சி.டி.யை மாற்றியிருந்தால் பழைய பாடல்கள் டபிள்யூ.எம்.ஏ. ஃபார்மட்டில் இருக்கலாம், பல போன்களில் அது பாடாது. தரம் குறையாத ஃபிளாக் ஃபார்மட் ஆண்ட்ராய்டில் பாடும். ஐபோனின் மியூசிக் ஆப்பில் ஏற்ற வேண்டுமானால் அதை ஆப்பிளின் ஏ.எல்.ஏ.சி.க்கு மாற்ற வேண்டும். ஃபிளாக்கில் இருந்து ஏ.எல்.ஏ.சி.க்கு மாற்றினால் தரம் குறையாது. ஆனால் எம்.பி.3-ஐ மறுபடி வேறொரு சுருக்க ஃபார்மட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒலியில் கொஞ்சம் போகும். அதனால் மூலக் கோப்பை அழிக்காமல் தனியாக வைத்திருங்க.

தமிழ்ப் பெயர் ஏன் கேள்விக்குறி ஆகிறது?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாத பகுதி இது.

எம்.பி.3 கோப்புக்குள் பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் ஆகியவை ‘ஐ.டி.3 டேக்’ என்ற இடத்தில் இருக்கும். 1996-ல் வந்த அதன் முதல் பதிப்பில் பெயருக்கு ஒதுக்கியது வெறும் 30 பைட். அதுவும் ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. இன்று பரவலாக உள்ள யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி, துணைக்கால், கொம்பு ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீடு. அந்தக் கணக்கில் ‘கேளம்பாக்கம்’ என்ற ஒரே சொல்லுக்கு 12 குறியீடு, 36 பைட். 30 பைட்டுக்குள் நம் ஊர்ப் பெயர்கூட அடங்காது! பின்னால் வந்த ஐ.டி.3-யின் இரண்டாம் பதிப்பில்தான் யூனிகோடுக்கு இடம் கிடைத்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெயரிட்ட பாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்போது டிஸ்கி, டேப், டேம் என்று பல தமிழ்க் குறியீட்டு முறைகள் புழக்கத்தில் இருந்தன. டேப், டேம் இரண்டையும் 1999-ல் தமிழக அரசே தரமாக அறிவித்திருந்தது. யூனிகோடுக்கு அரசு மாறியது 2010-ல். பழைய முறையில் அடித்த பெயரை இன்றைய போன் யூனிகோடு என்று நினைத்துப் படிக்கும். அதனால்தான் தமிழுக்குப் பதில் விசித்திரமான ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும். பாட்டு கெடவில்லை, பெயர்ப் பலகை மட்டும்தான் மாறியிருக்கிறது. ‘எம்.பி.3 டேக்’, ‘மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட்’ போன்ற மென்பொருள்களில் பெயரைத் திருத்திச் சேமித்தால் சரியாகிவிடும். சேமிக்கும்போது ஐ.டி.3 வி2.3, யு.டி.எஃப்.-16 என்று தேர்வு செய்தால் பெரும்பாலான கருவிகளுக்குப் புரியும்.

கோப்பின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் பெயரின் நீளத்தை எழுத்துக் குறியீடுகளாக எண்ணுகிறார்கள். 255 வரை போகலாம். ஆண்ட்ராய்டு போனின் சேமிப்பகம் பைட்டாக எண்ணுகிறது. அங்கும் உச்சம் 255தான். 255-ஐ 3-ஆல் வகுத்தால் 85. ‘படத்தின் பெயர் - பாடலின் முதல் வரி - பாடகர்கள் - இசையமைப்பாளர்’ என்று தமிழிலேயே நீட்டி முழக்கி வைத்த கோப்பு லேப்டாப்பில் நன்றாக இருக்கும். போனுக்கு மட்டும் ஏறாது. காரணம் இதுதான்.

கடைசியாக ‘கொ’. இந்த எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக ஒரு விதம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாக இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் வட்டு அமைப்பு பெயர்களை இரண்டாவது விதத்தில் பிரித்து வைக்கும். விண்டோஸ், ஆண்ட்ராய்டு கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். சிங்க் மென்பொருள் இதைக் கவனிக்காவிட்டால், ஒரே பாட்டை இரண்டு வேறு பாட்டு என்று நினைத்து இரண்டு பிரதி ஏற்றிவிடும். ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசை எழுத்து உள்ள பாடல்கள் மட்டும் இரட்டையாக வந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எளிய வழி: கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துவிடுங்க. தமிழ்ப் பெயரை டேக்கில் எழுதுங்க. திரையில் தமிழே தெரியும், சிங்க்கும் தடுக்காது.

பி.ஜி. வைஃபை, ஆபீஸ் லேப்டாப்

வைஃபை மூலம் சிங்க் செய்ய வேண்டுமானால் போனும் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கவில்லையா? பி.ஜி., ஹாஸ்டல், காபி கடைகளில் ஒருவரின் கருவி இன்னொருவருக்குத் தெரியாதபடி தடுத்து வைத்திருப்பது வழக்கம். அது நல்லதுக்குத்தான். அங்கே போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை அதில் இணைத்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிடும். கோப்பு இரண்டுக்கும் நடுவே நேராகப் போவதால் மொபைல் டேட்டா அதற்குச் செலவாகாது. ஆனால் லேப்டாப் பின்னணியில் அப்டேட் இறக்கத் தொடங்கினால் டேட்டா போகும். எனவே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவது நல்லது.

ஸ்பாட்டிஃபை பிரீமியம் வைத்திருப்பவர்கள் சொந்தப் பாடல்களையும் அதில் கேட்கலாம். கம்ப்யூட்டர் ஆப்பில் ‘லோக்கல் ஃபைல்ஸ்’ வசதியை ஆன் செய்து, பாடல்களை ஒரு பிளேலிஸ்ட்டில் சேர்க்க வேண்டும். பிறகு அதே வைஃபையில் உள்ள போனில் அந்த பிளேலிஸ்ட்டை டவுன்லோடு செய்ய வேண்டும். இங்கும் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இல்லாவிட்டால் பாட்டின் பெயர் மங்கலாகத் தெரியும், பாடாது.

ஆபீஸ் லேப்டாப்பில் செருகிய போன் தெரியவில்லை என்றால் அது பழுது அல்ல. பல ஐ.டி. நிறுவனங்கள் யு.எஸ்.பி. வழியாகக் கோப்பு போவதையும் வருவதையும் நிர்வாக அளவிலேயே அடைத்து வைத்திருக்கின்றன. சுற்றுவழி தேடினால் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரலாம். பாட்டுக்குச் சொந்த லேப்டாப்பையே பயன்படுத்துங்க.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

சிங்க் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கச் செய்வது. ஒரு பக்கம் தவறுதலாக அழித்தால், மறுபக்கமும் அழித்து ‘ஒரே மாதிரி’ ஆக்கிவிடும். பேக்கப் என்றால் அப்படி அழியாத தனிப் பிரதி. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய இழப்புகளுக்குக் காரணம்.

2016 மே மாதம் ஜேம்ஸ் பிங்க்ஸ்டோன் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், ஆப்பிள் மியூசிக்கில் சேர்ந்த பிறகு தன் கம்ப்யூட்டரில் இருந்த 122 ஜி.பி. இசைக் கோப்புகள் அழிந்துவிட்டதாக எழுதினார். அவரே உருவாக்கிய இசையும் அதில் அடக்கம். மிகச் சிலருக்கு இப்படி நடந்ததாகப் புகார் வந்திருக்கிறது, ஆனால் அதே பிரச்சினையைத் தங்களால் மீண்டும் உருவாக்கிப் பார்க்க முடியவில்லை என்றது ஆப்பிள். கூடுதல் பாதுகாப்போடு ஐடியூன்ஸுக்கு அப்டேட்டும் கொடுத்தது. தவறு எங்கே என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிங்க்ஸ்டோனுக்குப் பாடல்கள் திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், அவரிடம் தனியாக ஒரு பேக்கப் இருந்ததுதான்.

செலவும் அதிகம் இல்லை. 320 கே.பி.பி.எஸ். தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 12 எம்.பி. ஒரு 32 ஜி.பி. பென் டிரைவில் 2,500 பாட்டுக்கு மேல் பிடிக்கும்.

இந்த வரிசையில் பாருங்க

1. சிங்க் தொடங்கும் முன், கம்ப்யூட்டரில் உள்ள பாடல்களை ஒரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுங்க.
2. தகவல் கம்பி உள்ள கேபிளா? வேறு கேபிள், வேறு போர்ட்டில் சோதியுங்க.
3. போன் திறந்திருக்கிறதா? ஆண்ட்ராய்டில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’, ஐபோனில் ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாம்’ என்பதற்கு ஒப்புதல் கொடுத்தீர்களா?
4. முதலில் ஒரே ஒரு பாட்டை அனுப்பிப் பாருங்க. அது பாடினால் மற்றவற்றைப் பிரித்துப் பிரித்து அனுப்புங்க.
5. பாட்டு தெரியவில்லை என்றால் ரீஸ்டார்ட், பிறகு ஃபார்மட், பிறகு பெயரின் நீளம்.
6. முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்க.
7. ‘அழித்துவிட்டு சிங்க்’ என்ற கேள்வி வந்தால், முதல் படியை முடித்தீர்களா என்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்க.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது 2011-ல். அந்தக் காலத்து லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால், அதன் ஹார்டு டிஸ்க்குக்கும் இப்போது ஏறக்குறைய அதே வயது. எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். போனுக்குப் பாட்டு ஏற்றும் வேலை அடுத்த வாரம்கூட நடக்கட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பையில் ஒரு பென் டிரைவை மறக்காமல் எடுத்துவைங்க. முதலில் எடுக்க வேண்டியது சினிமாப் பாட்டு இல்லை. அது எங்கேயாவது கிடைத்துவிடும். பாட்டியின் தாலாட்டை முதலில் எடுங்க.